பாரா பக்கம் கண் எரியாது

கடலூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் தாலாயில் குளோரைடு செய்கிறார்கள். அது மூன்று வகை: ஆர்த்தோ, மெட்டா, பாரா. மூன்றிலும் ஒரே சரக்குதான், உள்ளே உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு என்று லேப்காரர்கள் சொன்னார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்த வித்தியாசம் வேறு. ஆர்த்தோ தண்ணீர் மாதிரி இருக்கும். திறந்தால் ஈரக்காற்று பட்டுப் புகையும். கண்ணாடி மாட்டியிருந்தாலும் கண்ணில் நீர் கொட்டும். மெட்டா டிரம்முக்குள்ளேயே உறைந்துவிடும், சூட்டு ரூமில் வைத்து உருக்க வேண்டும். பாரா வெள்ளைச் செதில். அவ்வளவாகப் புகையாது.

அக்கா மஞ்சள்காமாலையில் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மறுநாளே எங்கள் ஊர் குமராட்சியிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் இருந்தால் துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் வந்ததிலிருந்து சொல்ல வேண்டும். கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் கருமாதி வரைக்கும் வராதே என்பார்கள். ஆர்த்தோ பக்கம் எல்லோருக்கும்தான் கண்ணீர் வழியும். என்னை யாரும் தனியாகப் பார்க்கவில்லை.

பிறகு பாரா மூட்டை பிடிக்க ஆள் இல்லையென்று சூப்பர்வைசர் என்னை அங்கே மாற்றினார். எதிரில் என் கூட்டாளி.

“இன்னா மச்சான், பாராவுக்கே இந்த அழுவ அழுவுற? ஆர்த்தோ கோச்சுக்கப் போவுது.”

நான் செதிலை அள்ளிப் பையில் போட்டேன்.

“எந்தப் பொண்ணுடா?”

“அக்கா செத்துப்போச்சு.”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். “எப்ப?”

“போன வாரம். சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாத. வூட்டுக்கு அனுப்பிடுவாரு.”

“கருமாதி கூட முடியலியேடா.”

“அங்க இருக்க முடியல மச்சான்.”

அதற்குள் சூப்பர்வைசரே வந்துவிட்டார். “இவன் கண்ணு ஏன் இப்பிடிச் செவந்து கெடக்கு?”

“கிளவுஸோட தேச்சுட்டாண்ணே. எருமை. மெட்டாவுக்கு அனுப்புங்க, நான் ஒண்டியா பாத்துக்கறேன்.”

“போய் கண்ணக் கழுவிட்டு சூட்டு ரூமுக்குப் போடா.”

சூட்டு ரூமில் ஒருவன்தான் நிற்பான். வெக்கைக்கு வேறு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதற்கப்புறம் என்னை அங்கேயே விட்டுவிட்டார்கள். தினமும் காலையில் கூட்டாளி சூப்பர்வைசரிடம் ஏதாவது சாக்கு சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

கருமாதிக்குக் குமராட்சிக்கு வந்தான். எப்படி ஆச்சு என்று கேட்காதவன் அவன் ஒருவன்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, “ரெண்டு மெட்டா டிரம்மு கல்லு மாதிரி கெடக்கு, நாளைக்கு வந்துடு” என்றான்.