அலாரத்தைக் கம்மி பண்ணு

என் மனைவி கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில் நர்ஸ். ஒப்பந்த வேலையில் வருஷக்கணக்காக இழுபட்ட பிறகு கிடைத்த நிரந்தர உத்தியோகம். அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாரத்தில் பாதி நாள் அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்கிவிடுவாள். நானும் எல்கேஜி படிக்கும் மகளும் கீழே கள்ளக்குறிச்சியில். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, கூட்டிவருவது, சோறு ஊட்டுவது, தலை பின்னுவது எல்லாம் நான்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சென்னை முதலாளி விட்டிருந்ததால்தான் குடும்பம் ஓடியது. அந்த அனுமதியும் சும்மா வரவில்லை. "ஒரு பிரச்சினைன்னு வந்துச்சி, மூட்டையக் கட்டிகினு இங்க வந்துடணும்" என்று சொல்லித்தான் விட்டார்.

கம்பெனி, ஜவுளிக்கடைகளுக்குப் பில் போடும் சாஃப்ட்வேர் செய்கிறது. அது ஓடுகிற சர்வர்கள் எங்கோ மும்பைப் பக்கம் வாடகைக்கு எடுத்தவை. எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அவற்றுக்கு மூச்சு முட்டுகிறதா என்று பார்ப்பது என் வேலை. சர்வர் எவ்வளவு உழைக்கிறது, டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சில நிமிஷத்துக்கு ஒருமுறை அளவு வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு லிமிட் வைக்க வேண்டும். லிமிட்டைத் தாண்டினால் அலாரம். எல்லார் போனுக்கும் மெசேஜ் போகும்.

கேட்க எளிதாக இருக்கும். லிமிட்டை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாயங்காலம் கடையில் கூட்டம் ஏறினால் சர்வரும் கொஞ்ச நேரம் திணறும். அதற்கெல்லாம் அலாரம் அடித்தால் நாலே நாளில் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். டிஸ்க் அப்படியில்லை. நிரம்பினால் நிரம்பியதுதான், ஒரு பில்லும் போட முடியாது. அதனால் உழைப்புக்கு, எண்பது சதவீதத்தைத் தாண்டிக் கால் மணி நேரம் தொடர்ந்தால் மட்டும் அலாரம் என்று வைத்தேன். டிஸ்க்குக்கு எண்பதைத் தொட்டதுமே அலாரம். நாள்கணக்கில் வரைபடங்களை உற்று உற்றுப் பார்த்து வைத்த அளவு. எனக்கு அதில் கர்வம் உண்டு, ஏன் மறைக்க வேண்டும்?

தீபாவளிக்கு ஜவுளி எடுக்கும் கூட்டம் ஆரம்பித்ததும் மெசேஜும் கொஞ்சம் கூடியது. முதலாளி அன்றைக்கு ஏதோ கல்யாணப் பந்தியில் இருந்தாராம். இலையில் கை வைத்திருக்கும்போது போன் கிணுகிணுத்திருக்கிறது. பக்கத்தில் அவருடைய மச்சான். எங்கள் மேனேஜரும் அவர்தான். "இந்த அலாரத்த கம்மி பண்ணுடா" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். மச்சானும் கையோடு கம்மி பண்ணிவிட்டார். எதை? லிமிட்டை! எண்பதை ஐம்பதாக்கினார்.

அடக் கடவுளே! லிமிட்டைக் குறைத்தால் அலாரம் கூடும் என்று எல்கேஜி படிக்கிற என் மகளுக்குச் சொன்னால்கூடப் புரியும். மறுநாள் காலையிலிருந்து எல்லார் போனும் மழைக்காலத் தவளை மாதிரி கத்தின. நான் மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சார், யாரு லிமிட்ட மாத்தினது?"

"நாந்தான். கம்மி பண்ணச் சொன்னாரு, பண்ணேன்."

"லிமிட்ட கம்மி பண்ணா மெசேஜ் ஜாஸ்தியாவும் சார். மெசேஜ் கம்மியாவணும்னா லிமிட்ட ஏத்தணும்."

"இன்னா நீ, கம்மின்னா ஏத்தணும்ன்ற? எனக்கே பாடம் எடுக்கறியா?"

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லா லிமிட்டையும் நானே பழையபடி மாற்றினேன். அதன்பிறகு சத்தமே இல்லை. சரியாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்தப் புண்ணியவான், அலாரம் அடித்தாலும் மெசேஜ் போகாதபடி நிறுத்திவைத்துவிட்டது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொன்னாரா மனுஷன்!

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை என்று நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். மலைப்பாதை வளைவுகளில் பிள்ளை என் சட்டையெல்லாம் வாந்தியெடுத்தாள். அம்மாவைப் பார்த்ததும் தெளிந்துவிட்டாள். மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து, மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாமைச் சோறும் கோழிக் குழம்பும் சாப்பிட்டோம். சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார்.

"எங்க கீற?"

"வெள்ளிமலையில சார்."

"மலையேறிட்டியா! இங்க கடைங்கள்ல ஜனம் துணிய கையில வெச்சிகினு நிக்குது, பில்லு வரல!"

லேப்டாப்பைத் திறந்தேன். டிஸ்க் முட்ட முட்ட நிரம்பியிருந்தது. முந்தின நாளே எண்பதைத் தாண்டி, அலாரம் திரையில் சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. ஒரு போனுக்கும் போகவில்லை. பழைய குப்பைக் கோப்புகளை அழித்து இடம் பண்ணினேன், பில் ஓட ஆரம்பித்தது. அவ்வளவுதான் வேலை. ஒரே ஒரு மெசேஜ் வந்திருந்தால் முந்தின நாளே, டீ ஆறுவதற்குள் முடித்திருப்பேன்.

மறுநாள் வீடியோவில் பஞ்சாயத்து. மெசேஜ் ஏன் வரவில்லை என்று நான் கேட்டதும் மச்சான் துளியும் கூசவில்லை. "நாந்தான் ஆஃப் பண்ணேன். ஒரே தொல்லையா இருந்துச்சி" என்றார். அப்பாடா, நாம் தப்பித்தோம் என்று நினைத்தேன். முதலாளி தாடையைச் சொறிந்தார்.

"அதான் நானும் சொல்றேன். நீ பக்கத்துல இருந்திருந்தா இவனுக்கு எடுத்துச் சொல்லியிருப்ப இல்ல? மலையில போய் குந்திகினா? தீபாவளி முடிஞ்சதும் ஆபீசுக்கு வந்துடு."

நிறுத்தியவன் அவன், தண்டனை எனக்கா? கேட்டேன், நன்றாகவே கேட்டேன். "குடும்பத்துக்குள்ள பேசிக்கறோம் தம்பி, நீ வந்து சேரு" என்று திரையை அணைத்துவிட்டார். என் குடும்பத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு வேலை தேடினேன். வீட்டிலிருந்தே பார்க்கலாமா என்று கேட்டதும் அப்புறம் சொல்கிறோம் என்று போனை வைத்துவிட்டார்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, மலைமேல் அம்மாவிடம் விட்டுவிட்டு, நான் சென்னை பஸ் ஏறினேன்.

இப்போது முதலாளியின் கண்ணாடி அறைக்கு எதிரே உட்கார்ந்து அதே லிமிட்டுகளை அதே எண்பதில் வைத்து அதே வேலையைத்தான் செய்கிறேன். "பாத்தியா, ஆளு நேர்ல இருந்தா வேல எப்பிடி நடக்குது!" என்று அவர் தோளைத் தட்டுகிறார். மச்சான் சிரிக்கிறார். நானும் சிரித்துத் தொலைக்கிறேன்.

போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மலைமேல் மனைவிக்குப் போன் செய்து, "பாப்பாகிட்ட குடு" என்றேன்.

"தூங்குறா. இப்பத்தான் ஜுரம் வுட்டுச்சி."

"ஜுரமா? எப்பலேர்ந்து?"

"மூணு நாளா."

"மூணு நாளா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவீங்க? பஸ்ஸு மாறி மாறி நீங்க வந்து சேர்றதுக்குள்ள வுட்டுடும். வுட்டுடுச்சி."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஒரு சண்டை போட்டிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுத்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.