தம்பிக்காகப் பழகிய அணுக்கள்

போன வருஷம் ஆடி மாதம். மஞ்சூரில் விடாத மழை. காலையில் முதல் பஸ் பிடித்துக் கோவைக்குக் கிளம்பினேன். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த என் தம்பி அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

ரத்தப் புற்றுநோய் வந்தவனை, என் ஸ்டெம் செல்லைக் கொடுத்து ஒருவழியாகத் தேற்றியிருந்தோம். சில மாதங்களிலேயே கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கியது. அதுவும் புற்றுநோய்தானாம். ஆனால், இந்த முறை காரணம் ஒரு வைரஸ்.

"முக்காவாசிப் பேர் உடம்புல அது சத்தமில்லாம இருக்கும்மா. உங்க செல் ஒட்டணும்னு இவருக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சு வெச்சிருக்கோம்ல, அதான் தலைதூக்கிடுச்சு" என்றார் டாக்டர்.

கீமோவைத் தாங்கத் தம்பியிடம் தெம்பில்லை. மிச்சமிருந்தது ஒரு புது முயற்சி. என் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களை எடுத்து, அந்த வைரஸை அடையாளம் கண்டு தாக்க லேபில் பழக்கி, பெருக்கி, அவனுக்கு ஏற்றுவார்களாம். பலிக்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அன்று மதியத்துக்குள் நான் போனால்தான் ரத்தம் வெளியூர் லேபுக்குப் போகும்.

இத்தலார் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே பெரிய கற்பூர மரம் சாய்ந்து கிடந்தது.

"வெட்டி எடுக்க மத்தியானம் ஆயிடுமுங்க" என்றார் கண்டக்டர்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கி, கிளைகளுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனேன். கேரட் ஏற்ற மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த காலி லாரி ஒன்று நின்றது. அழுதுகொண்டே டிரைவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எவ்வளவு புரிந்ததோ, லாரிக் கதவைத் திறந்துவிட்டார்.

"கேரட் நாளைக்கும் மண்ணுக்குள்ளதானுங்க இருக்கும். ஏறுங்கக்கா."

அந்தக் குறுகலான ரோட்டில் லாரியைத் திருப்பும்போது பின்சக்கரம் பள்ளத்தோரம் வழுக்கியது. உயிர் போய் வந்தது. அவர் நிதானமாகத் திருப்பி முடித்தார். மேட்டுப்பாளையத்தில் என்னைக் கோவை பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகுதான் நகர்ந்தார். பதற்றத்தில் பேர்கூடக் கேட்கவில்லை.

மதியத்துக்குள் போய் ரத்தம் கொடுத்தாகிவிட்டது. ஆனால், நிம்மதி வரவில்லை. அணுக்கள் பழகித் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. கழுத்து வீக்கத்தில் தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன் அடித்தாலே லேபிலிருந்தோ என்று ஓடிப்போய் எடுப்பேன். அவனோ, "உன் ஆளுங்க டிரெய்னிங் முடிச்சு எப்பக்கா டூட்டிக்கு வருவாங்க?" என்று கேட்டுச் சிரிப்பான். நான் வராந்தாவுக்குப் போய் அழுவேன்.

வந்தது ஒரு சின்னப் பை. சில நிமிடங்களில் ஏறி முடிந்துவிட்டது. இதற்கா இத்தனை தவிப்பு என்றிருந்தது. முதல் வாரம் காய்ச்சல்தான் அடித்தது. அப்புறம் ஒருநாள் காலையில், தம்பி தன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து அங்கே வைத்தான். கட்டி இளகியிருந்தது.

கட்டிகள் கரைந்து, இப்போது அவன் வீட்டில் இருக்கிறான். பரிசோதனைக்குப் போகிற நாளெல்லாம் எனக்கு அதே படபடப்புதான். அந்த லாரிக்குப் பிறகு, ரோட்டோரம் யாராவது பதறி நின்றால், அவர்கள் சொல்வது புரிந்தாலும் புரியாவிட்டாலும், கேட்காமல் தாண்டிப்போக இன்றுவரை என்னால் முடிவதில்லை.