தக்காளி ஓயட்டும்

ஜூஜுவாடியில் எங்கள் வாடகை வீட்டை ஒட்டிய காலிமனையில் மூன்று வகைத் தக்காளி வைத்தேன். மதுரைப் பக்கம் எங்கள் ஊருக்கே போய்விடலாமா என்று எப்போது கேட்டாலும், ஷிப்ட் முடிந்து வரும் கணவர், "தக்காளி ஓயட்டும், பாப்போம்" என்பார். ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை; சாக்குச் சொல்ல மட்டும் என் செடி வேண்டும்.

பெங்களூர் தக்காளி காய்த்து ஓய்ந்ததும் பிடுங்கிப் போட்டேன். செர்ரித் தக்காளியையும் பிடுங்கினேன். நாட்டுத் தக்காளி மட்டும், பறிக்காமல் விட்ட பழம் வெடித்து, விதை விழுந்த இடமெல்லாம் முளைத்துவிட்டது. யாரைக் கேட்டு முளைத்தது?

அத்தனை நாற்றையும் பிடுங்கத்தான் குனிந்தேன். வெயிலில் துவண்டு கிடந்தன. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

அங்கே நிற்கும்போது போனில் அம்மா, "எப்பத்தான்டி வருவீங்க?" என்றாள்.

"தக்காளி ஓயட்டும்மா, பாப்போம்" என்றேன்.