கருவாட்டில் வந்த கடல்

நிலாவெளிக் கடலோரச் சாப்பாட்டுக் கடையில், காலையில் வலையில் விழுந்த பாரை மீனை எனக்குப் பொரித்து வைத்தார்கள். ஆனால் பின்பக்கத்தில் யாரோ தமக்கென்று சுட்ட கருவாட்டின் வாசம் வந்ததும், நான் பொகவந்தலாவை மலையின் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளில் ஒன்றான எங்கள் காம்பராவுக்குப் போய்விட்டேன்.

கொழுந்து பறித்து நனைந்து வரும் அம்மா அடுப்புத் தணலில் கருவாட்டுத் துண்டைப் புரட்ட, அந்தப் புகை தகரக் கூரைக்கடியில் சுற்றி, ஈரக் கம்பளியிலும் எங்கள் தலைமுடியிலும் படிந்து, மறுநாள் பள்ளிக்கூடம் வரை கூடவே வரும். சூட்டோடு அதைப் பிய்த்து ரொட்டிக்குள் வைத்துத் தந்துவிட்டு, தன் காலில் ஒட்டியிருக்கும் அட்டைகள்மேல் உப்பை வைத்து ஒவ்வொன்றாக விழவைத்தபடி சொல்வாள்: "கடலுக்குள்ள நின்னா அட்டை கடிக்காதுல்ல, அம்புட்டும் உப்பாச்சே. ஒருநாளு போயி காலை நனைச்சிட்டு, அங்கனயே மீனு தின்னுட்டு வரணும்டா."

ஓர் அடைமழையில் மலை சரிந்து லயத்தை மூடியது. அம்மா உள்ளே இருந்தாள். இப்போது அங்கே மானாப்புல் மட்டும்தான் நிற்கிறது.

"மீன் சரியில்லையா தம்பி?" என்றார் கடைக்காரர்.

"நல்லாத்தான் இருக்குங்க."

ஆறிப்போன மீனைத் தின்று முடித்து, முழங்கால்வரை கடலுக்குள் இறங்கி வெகுநேரம் நின்றேன். அம்மா சொன்னது சரிதான். எதுவும் கடிக்கவில்லை.