ஃபிரிட்ஜ் ஓரத்து வால்திர்

அஜெனோரின் மதுக்கடை உள்ளே நாலரை மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். மேசைவிரிப்புத் தைக்க அளவெடுக்கப் போனபோது கடையையும் ஒருமுறை நானே நாடா பிடித்து அளந்தேன். அதில் பாதியை வாத்தியக்காரர்களின் மேசை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் இருபது பேர் நெருக்கிக்கொண்டு நிற்கலாம். மற்றவர்கள் நடைபாதையில் நின்று கழுத்தை நீட்ட வேண்டியதுதான். பீர் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய இடுக்கு ஒன்று உண்டு. பதினோரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை அந்த இடுக்கில் நிற்பவன் என் தம்பி வால்திர்.

அவனுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பதினாறு வயதில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கப் போனான்; ஐம்பத்து நாலு வயதாகிறது, இன்னும் அதேதான் செய்கிறான். தேய்க்கும்போது விசிலடிப்பான். பாட்டில்லாமல் வாத்தியங்களில் மட்டும் வாசிக்கிற எங்கள் ஊர் ஷோரோ இசையில் அவன் நினைவில் இல்லாத மெட்டு இந்த நகரத்திலேயே இல்லை என்பேன் நான். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு மெட்டுக்கும் மூன்று பாகம். வட்டமாக உட்கார்ந்து வாசிப்பவர்கள் முதல் இரண்டையும் மறக்க மாட்டார்கள், மூன்றாவதில்தான் தடுமாறுவார்கள். அப்போது மாண்டலின் வாசிக்கும் க்ளோவிஸ் தலையைத் திருப்பாமலே கேட்பார்.

"வால்திரு, மூணாவது?"

ஃபிரிட்ஜ் ஓரத்திலிருந்து ஒரு சின்ன விசில் வரும். போதும், பிடித்துக்கொள்வார்கள். மெதுவான மெட்டு வந்தால் வால்திர் குனிந்து ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிடுவான், மோட்டார் சத்தம் கேட்கக்கூடாதென்று. மெட்டு முடிந்ததும் அவனே செருகுவான். ஒரு நாளும் மறந்ததில்லை. இதற்கு அஜெனோர் அனுமதி கொடுத்த ஒரே ஆள் அவன்தான்.

இவ்வளவு இருந்தும் அவனுடைய சொந்த மெட்டு அந்த மேசையில் ஒரு முறைகூட வாசிக்கப்படவில்லை. இரண்டு வருடமாக அதைச் செதுக்கிக்கொண்டிருந்தான். ஒலாரியாவில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு வழியாகக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். நல்ல மெட்டு. அவன் வாயைத் தவிர அது வேறெங்கும் கிடையாது. அந்த வாயில்தான் பிரச்சினை வந்தது. மேல்வரிசை முன்பற்கள் நாலும் ஆடின. பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமை நாலையும் பிடுங்குவதாகப் பல் மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"பல்லு போச்சுன்னா விசில் எப்படிடா வரும்?"

"வராது."

"க்ளோவிஸ்கிட்ட சொல்லேன், உன் மெட்ட ஒரு தடவ வாசிக்கச் சொல்லி."

"அதெல்லாம் கேக்கக்கூடாதுக்கா. அவங்களா எடுத்தா எடுக்கட்டும்."

"உன் வாய்க்குள்ள இருக்கறத அவங்களா எப்படி எடுப்பாங்க? பல் டாக்டர்தான் எடுப்பாரு!"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடம் மற்றவர்களின் மறதிக்கு முட்டுக் கொடுத்தவன், தனக்காக ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்கிறான். சில நாள் அவன் தலையில் கரண்டியால் ஒன்று போடலாமா என்றிருக்கும்.

நான் ஐந்தாவதுவரைதான் படித்தேன். ஆனால் எடுத்த காரியத்தை அரைகுறையாக விட்டதில்லை. அவன் குளிக்கும்போது கதவுக்கு வெளியே போனை வைத்து மூன்று நாள் பதிவு செய்தேன். தண்ணீர்ச் சத்தம் குறைவாக இருந்த பதிவைத் தேர்ந்தெடுத்து, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் தார்சிசியோ வாத்தியாரிடம் கொண்டு போனேன். அவர் அதை இசைக்குறியில் எழுதிக் கொடுத்தார். ஒரே தாள், மேலே முதல் பாகம், நடுவில் இரண்டாவது, அடியில் மூன்றாவது. எந்த வரிசையில், எத்தனை தடவை என்று ஓரத்தில் நான் என் கையெழுத்தில் குறித்தேன்: முதல் பாகம் இரண்டு தடவை, இரண்டாவது இரண்டு தடவை, மறுபடி முதல், மூன்றாவது இரண்டு தடவை, கடைசியாக ஒருமுறை முதல். மொத்தம் எட்டு.

பதினாலாம் தேதிக்குப் பத்து நாள் முந்தைய சனிக்கிழமை, ஒரு மெட்டு முடிந்து எல்லோரும் அந்தக் கடை வழக்கப்படி கைதட்டலுக்குப் பதில் விரல் சொடுக்கி ஓய்ந்த நேரம் பார்த்து, அந்தத் தாளைக் க்ளோவிஸுக்கு முன்னால் வைத்தேன்.

ஏழு தந்தி கிட்டார்க்காரர் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு வேண்டுமென்றே கூரையைப் பார்த்தார்.

"நில்ஸா, என்ன இது?"

"வால்திரோட மெட்டு. எழுதியே கொண்டாந்துட்டேன்."

"மேசைல தாளா?" என்றார் க்ளோவிஸ். "இங்க என்ன பரீட்சையா நடக்குது?"

பாந்தேரோ என்கிற கஞ்சிராவைத் தட்டுகிறவர் உடனே சேர்ந்துகொண்டார். "அக்கா, பீரக்கூட இனி சீட்டெழுதித்தான் கேக்கணுமா?"

கடை முழுக்கச் சிரித்தது. அந்த மேசையில் காதால் கேட்டதைத்தான் வாசிப்பார்கள். எனக்குத் தெரியாததல்ல. நானும் எத்தனை சனிக்கிழமை போயிருக்கிறேன்! ஆனால் பல் நாலும் போகிற அவசரத்தில் அது என் மண்டையில் நிற்கவில்லை. க்ளோவிஸ் தாளை எடுத்து, சூடான பீன்ஸ் சாறு இருந்த கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு அடுத்த மெட்டைத் தொடங்கினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் ஓர இடுக்கு காலியாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் வால்திர் எனக்கு எதிரே உட்காராமல் இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தான். அந்த வாரம் குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை பதினோராம் தேதி. "நீ போ, நான் வரல" என்று அவனிடம் சொன்னேன். "நீயும் வா" என்றான். மன்னித்தானா என்று கேட்கவில்லை.

போனால் கூட்டம் தெருவரை நிற்கிறது. யாரோ இணையத்தில் எங்கேயோ இந்தக் கடையைப் பற்றிப் போட்டுவிட்டார்களாம். முன்னால் நின்ற நெட்டையன் ஒருவன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். எனக்கு மேசையே தெரியவில்லை, அவன் முழங்கைதான் தெரிந்தது. "வாத்தியம் முன்னால இருக்கு தம்பி, அத கண்ணால பாக்கலாம்" என்றேன். அவனுக்கு மொழி புரியவில்லை. வால்திர் எப்படியோ நுழைந்து தன் இடுக்குக்குப் போய்விட்டான்.

நாலரை மணிக்கு மாண்டலின் தனியாகத் தொடங்கியது. இரண்டாவது சுரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நெட்டையனின் முழங்கையை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தேன். க்ளோவிஸ் முன்னால் தாள் இல்லை. வீட்டில் உட்கார்ந்து படித்துக் காதில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார், அழுத்தக்கார மனிதர்! முதல் பாகம் ஒருமுறை தனியாக. மறுமுறை எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது பாகம், இரண்டு தடவை. மறுபடி முதல். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். ஐந்து.

அங்கே மாண்டலின் நின்றது. கிட்டார் மட்டும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"தாளோட அடிப்பக்கம் பீன்ஸ் சாறு குடிச்சிருச்சு, வால்திரு," என்றார் க்ளோவிஸ், தலையைத் திருப்பாமலே. "மூணாவது?"

என் தம்பி குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். நிமிர்ந்து விசிலடித்தான். இரண்டு சுரம் அல்ல, முழுப் பாகமும். ஆடுகிற நாலு பல்லை வைத்துக்கொண்டு ஒரு சுரம் பிசகவில்லை. உள்ளே இருந்த இருபது பேரும் மூச்சு விட்டார்களா என்று தெரியாது. இரண்டாவது தடவை அத்தனை வாத்தியமும் அதைப் பிடித்துக்கொண்டது. ஏழு முடிந்தது. கடைசியாக ஒருமுறை வர வேண்டிய முதல் பாகத்துக்காக க்ளோவிஸ் கையை எடுத்து ஒரு நொடி நிறுத்தினார்.

அந்த ஒரு நொடியில் நடைபாதைக் கூட்டம் கைதட்டிவிட்டது.

மெட்டு முடிந்துவிட்டதென்று நினைத்துவிட்டார்கள். கைதட்டல் மட்டுமா, கூச்சல், சீழ்க்கை வேறு. அஜெனோர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அதற்குள் மாடி ஜன்னல் திறந்தது. ஒரு வாளித் தண்ணீர் அப்படியே நடைபாதையில் விழுந்தது. மாடியில் குடியிருக்கும் ஜுரேமா அம்மாவுக்கும் கடைக்கும் உள்ள ஒப்பந்தம் அது. விரல் சொடுக்கலாம்; கைதட்டினால் தண்ணீர். தண்ணீர் விழுந்தால் அன்றைக்கு வாசிப்பு முடிந்தது. வாத்தியங்கள் பெட்டிக்குள் போக ஆரம்பித்தன.

"இன்னும் ஒரு பாகம் இருக்கு!" என்று கத்தினேன். "எட்டுல ஏழுதான் ஆச்சு!"

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம், நில்ஸா. அப்புறம் போலீஸ கூப்பிடுவாங்க," என்றார் அஜெனோர்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். ஜுரேமா அம்மா கையில் காலி வாளியோடே திறந்தார். என்னைவிட அவர் கோபமாக இருந்தார்.

"அம்மா, ஒரே நிமிஷம். என் தம்பியோட மெட்டு. முடிக்கட்டும்மா."

"அந்த விசிலா?"

"அந்த விசில்தான்."

"அதுக்குத்தான் நான் டிவிய அணைச்சிட்டு ஜன்னல் கிட்ட நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். அந்தக் கழுதைங்க நடுவுல தட்டிக் கெடுத்துட்டாங்க. ஊத்தாம என்ன செய்வேன்?"

"அப்ப கீழ சொல்லுங்க, வாசிக்கச் சொல்லி!"

ஜன்னலுக்குப் போய்த் தலையை நீட்டினார். "ஏய் அஜெனோர், இன்னிக்கு மட்டும் விட்டுட்டேன், முடிங்கடா!" என்று கத்தினார். தாமதமாகிவிட்டது. க்ளோவிஸ் மாண்டலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தார். நனைந்த கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. நெட்டையன் தன் போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் இறங்கி வந்தபோது வால்திர் குனிந்து ஃபிரிட்ஜின் பிளக்கைச் செருகிக்கொண்டிருந்தான். மோட்டார் உறுமியது.

"முடிக்க விடலையேடா," என்றேன்.

"கடைசில வரது முதல் பாகம்தானக்கா. அது அவங்களுக்குத் தெரியும். தெரியாதது மூணாவதுதான், அத குடுத்துட்டேன்."

அவனுக்கு அது போதுமாம். செவ்வாய்க்கிழமை போய் நாலு பல்லையும் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு வந்து உட்கார்ந்தான். எனக்குப் போதாது. எட்டு என்றால் எட்டு. வரும் சனிக்கிழமை நடைபாதையில் நான்தான் நிற்கப் போகிறேன். நடுவில் தட்ட யாராவது கையைத் தூக்கட்டும், பார்க்கிறேன்.