தவமணி அக்கா வெள்ளை கட்டிய வீடு

செய்தி வந்தபோது நான் வேலை செய்யும் வீட்டுச் சினோராவின் சமையலறையில் பழம் பிழிந்துகொண்டிருந்தேன். சியாகுல்லித் தோட்டங்களில் மற்றதெல்லாம் முடிந்த பிறகு பிந்திப் பழுக்கும் மந்தரின் என்ற சின்னத் தோடம்பழங்கள். தொலைபேசியில் என் கணவர். "தவமணியக்கா போயிட்டா" என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டு ஈரத்துணியை எடுத்து, காலையில்தான் துடைத்திருந்த அடுப்பை மறுபடியும் துடைத்தேன். பிறகு அலுமாரிக் கதவுகள், பிறகு சுவர். சினோரா வந்து துணியைப் பிடுங்கி, "வீட்டுக்குப் போ, மகளே" என்றபோதுதான் அழுகை வந்தது. அழுகையோடு கொஞ்சம் சிரிப்பும் வந்தது. சாவுச் செய்தி கேட்டு அடுப்பைத் துடைக்கக்கூடியவர் எனக்குத் தெரிந்து இந்த ஊரில் இன்னொருவர்தான். அவர்தான் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவுமலரான கல்வெட்டுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நம்முடைய கல்வெட்டுகளில் இறந்தவர்கள் எல்லோரும் இன்முகம் உடையவர்கள், இன்சொல் தவிர வேறு அறியாதவர்கள். அக்காவைத் தெரிந்த உங்களுக்கு அதை நான் எழுதினால் சிரிப்பு வரும். அவருடைய வீட்டுக்குள் செருப்போடு ஓரடி வைத்துப் பார்த்தவர்கள் அந்த இன்சொல்லை இன்னும் மறந்திருக்க மாட்டீர்கள். "என்ரை வீட்டிலை தூசுக்குப் பெர்மெசோ இல்லை" என்பார். நாங்கள் எல்லோரும் வதிவிட அனுமதியான பெர்மெசோவுக்காகக் குவெஸ்துரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் தவம் கிடந்த காலம் அது. மனிதர்களுக்கே இல்லாத பெர்மெசோ தூசுக்கு எங்கே கிடைக்கும்!

நானும் கணவரும் பலேர்மோவுக்கு வந்து இறங்கியபோது எங்களுக்கு இடம் தந்தவர் அக்காதான். வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான தெரு. அதில் ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே ஓட்டுக்கூரை. ஒரு அறையை எங்களுக்குத் தந்தார். நாங்கள் மூவருமே வீடு துப்புரவாக்கும் வேலைதான் செய்தோம். பகல் முழுவதும் அடுத்தவர் வீட்டைத் துடைத்துவிட்டு வந்தால் எனக்குச் சொந்த வீட்டின் பக்கம் பார்க்கவே பிடிக்காது. அக்கா அப்படியல்ல. வேலையால் வந்து முகம் கழுவிய கையோடு தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கிவிடுவார்.

நான் என் மூத்தவளை வயிற்றில் சுமந்த குளிர்காலத்தில்தான் அந்தப் புயல் அடித்தது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நேப்பிள்ஸ் கப்பல் துறைமுகத்தை விட்டு அசையவில்லை. சந்தைத் தெருவில் மீன் பெட்டிகள் தாமாகவே நீந்திப் போயின. மத்தியானத்தில் நான் கட்டிலில் படுத்திருந்தேன். "பிள்ளை, எழும்பி வந்து தேத்தண்ணியைக் குடி, ஆறுது" என்று அக்கா சமையலறையிலிருந்து கத்தினார். முணுமுணுத்துக்கொண்டு எழும்பிப் போனேன். கோப்பை கையில் இருக்கும்போதே பின்னால் பெரிய சத்தம். காற்று ஓடுகளைக் கிளப்பியிருந்தது. சீலிங்கின் ஒரு பகுதி நான் படுத்திருந்த கட்டிலின் மேல் விழுந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் ஆகாயம். அக்கா என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்து, "இப்பதானே விரிப்பு மாத்தினனான்" என்றார்.

நகரசபை பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்து, வீடு சேதமானவர்களுக்குக் கட்டிலும் கம்பளியும் சுடச்சுடச் சாப்பாடும் தந்தது. சாப்பாடு என்றால் வெந்த பாஸ்தாவும் அவரைச் சூப்பும். உப்பைத் தவிர வேறு ஒன்றும் அதற்குள் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் வீட்டைவிட்டு ஓடும்போது நகையையும் கடவுச்சீட்டையும் எடுப்பார்கள். அக்கா மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து வந்திருந்தார். கைப்பையைத் திறந்து எங்கள் கோப்பைகளில் தூவியதும் பக்கத்துக் கட்டில் சிசிலிக்காரக் கிழவி எட்டிப் பார்த்து, "எனக்கும் கொஞ்சம்" என்றாள். அடுத்த வேளைக்கு அந்த வரிசை முழுவதும் கோப்பையை நீட்டியது. சாப்பாடு பரிமாறிய நகரசபை ஊழியர் வீரம் காட்டி ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டு, கண்ணீரோடு கன்னி மாதாவைப் பெயர் சொல்லி அழைத்தார். புயலுக்குப் பிறகு அந்த மண்டபம் முதன்முறையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் சிரிப்பு கூரை போடாது. எங்கள் வீட்டுக்காரரிடம் கணவர் போய்க் கேட்டார். "புயலை அனுப்பியது கடவுள், அவரிடமே கேளுங்கள்" என்று அந்த மனுசன் கதவைச் சாத்திவிட்டார். எஞ்சியிருந்த ஒரே வழி கொமூனே என்ற நகரசபைதான். சேதமான வீடுகளை அவர்களுடைய அளவையாளர் வந்து பார்ப்பார். இங்கே அவரை ஜெயோமெத்ரா என்பார்கள். வீடு இருக்க முடியாத நிலையில் உள்ளது என்று அவர் எழுதினால் கூரையை நகரசபையே திருத்தும்; திருத்தி முடியும்வரை தங்க உலர்ந்த இடமும் தரும். இருக்கலாம் என்று எழுதினால் அந்த ஓட்டைக்குக் கீழேயே திரும்பிப் போக வேண்டியதுதான். எனக்குப் பிள்ளைப்பேறு நெருங்கிக்கொண்டிருந்தது. என் குழந்தை நனையுமா நனையாதா என்பது யாரோ ஒருவருடைய பேனாவில் இருந்தது. நான் அந்த நாட்களில் கும்பிடாத தெய்வம் இல்லை.

ஜெயோமெத்ரா மறுநாள் வருகிறார் என்று அறிவித்தார்கள். அக்காவின் முகம் மாறியது.

"பிள்ளை, கொமூனேயிலை இருந்து ஒரு பெரிய மனுசன் வாறார். வீடு கிடக்கிற கிடையைப் பார்த்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்?"

"அக்கா, அதைப் பார்க்கத்தானே வாறார்."

"பார்க்க வாறார் எண்டதுக்காகக் குப்பைக்குள்ளையே கதிரை போட்டு இருத்துறது?"

எங்கள் வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் முதல் வேலை கூட்டித் துடைப்பதுதான். அம்மாவின் வயிற்றிலேயே படித்த பாடம். அது போதாதென்று அதையே தொழிலாகவும் செய்பவர்கள் நாங்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தேன். அக்காவும் என் கணவரும் விழுந்த சாந்தையும் உடைந்த ஓடுகளையும் வாளி வாளியாகக் கீழே இறக்கினார்கள். தெருவில் நின்ற நகரசபை லொறி அதையெல்லாம் நன்றியோடு ஏற்றிக்கொண்டு போனது. அக்கா நிலத்தைக் கழுவினார். சுவரில் ஈரம் படிந்த இடங்களைத் தேய்த்தார். முகட்டுச் சட்டங்களில் பொலித்தீனை இழுத்து ஆணியடிக்க வைத்தார். பொலித்தீன் பார்க்க அழகாக இல்லை. அதற்குக் கீழே வெள்ளை கட்டினார்.

அந்த வெள்ளையை உங்களுக்குத் தெரியும். சினோராமார் கழித்துவிட்ட கட்டில் விரிப்புகளை ஒன்றோடொன்று தைத்து, நீலம் போட்டு, அக்கா வைத்திருந்த வெள்ளை. இந்த ஊரில் நடந்த எத்தனை சடங்குக்கும் கலியாணத்துக்கும் முகட்டில் அதைத்தான் கட்டினோம்! பெரியவர்கள் வரும் இடத்தில் வெள்ளை கட்டாமல் விடுவது அக்காவுக்கு மரியாதைக் குறைவு. கட்டி முடித்ததும் ஓட்டை இருந்த அறை கலியாண வீடாகிவிட்டது. சாமிப் படத்துக்கு விளக்கும் ஏற்றிவிட்டார்.

ஜெயோமெத்ரா மெலிந்த மனிதர். காலையிலிருந்து படியேறி ஏறிக் களைத்துப் போயிருந்தார். வெளியே இன்னும் தூறிக்கொண்டிருந்தது. அக்கா அவருடைய சப்பாத்தைப் பார்த்த பார்வையில் அவர் அதை வாசலிலேயே கழற்றிவிட்டார். கதிரை, தேத்தண்ணி, கடலைவடை. ஒரு வடையைக் கடித்துவிட்டு, "இது எங்கள் பனெல்லேக்குச் சொந்தக்காரன்" என்றார். தெருவில் விற்கும் கடலைமாப் பொரியலைச் சொன்னார். சமையலறைச் சுவர்களைத் தட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் அறை வாசலுக்கு வந்தவர், வெள்ளையையும் விளக்கையும் கண்டு கோயிலுக்குள் வந்துவிட்டதுபோல் தலையைக் குனிந்து, உள்ளே கால் வைக்காமல் நின்றார்.

"சேதம் ஏதாவது?" என்று கேட்டார்.

"கொஞ்சம், கொஞ்சம்" என்று அக்கா கையை ஆட்டினார். வீட்டுக்கு வந்தவரிடம் முறைப்பாடு சொல்வது அவருக்குத் தெரியாத கலை. நான் வாயைத் திறந்தேன். அக்கா கண்ணாலேயே என்னை அடக்கினார். அந்த மனிதர் என் கண்முன்னே எழுதிக் கையெழுத்திட்டு, "சினோரா, இந்தக் கிழமை பலேர்மோவில் நான் பார்த்த மிகச் சுத்தமான வீடு இதுதான்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அக்கா, அவர் என்ன எழுதினவர் தெரியுமோ? இந்த வீட்டிலை இருக்கலாம் எண்டு எழுதிப்போட்டார்."

"ஓம், சுத்தமாய்த்தானே கிடக்கு."

"அப்ப ஓடு ஆர் போடுறது?"

அக்கா முகட்டைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். அடுத்த கணம் வடைத் தட்டோடு படியில் இறங்கி ஓடினார். சன்னலால் எட்டிப் பார்த்தேன். செருப்பில்லாத காலோடு சேற்றுக்குள் ஓடிக்கொண்டிருந்தார், தூசுக்கே பெர்மெசோ கொடுக்காத அக்கா! "ஜெயோமெத்ரா! ஜெயோமெத்ரா!" மீன் விற்பவர்களும் சேர்ந்து கத்தினார்கள். பலேர்மோவில் ஒருவரைக் கூப்பிட ஒரு ஆள் கத்தினால் போதாது. தெருவே கத்த வேண்டும். சந்தி முனையில் அவரைப் பிடித்து, கையிலிருந்த பேனாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தார்.

இந்த முறை சப்பாத்தைக் கழற்ற விடவில்லை. நேரே அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். அப்போதுதான் நான் மேலே கவனித்தேன். வெள்ளை என் வயிற்றைப் போலவே நடுவில் இறங்கியிருந்தது. இரவு முழுவதும் பெய்த மழை பொலித்தீனுக்குள் தேங்கியிருந்தது. "அக்கா, வேண்டாம்!" என்பதற்குள் அவர் தும்புத்தடியால் ஒரு மூலையைத் தட்டி இழுத்துவிட்டார். ஆணி கழன்றது. வெள்ளையும் பொலித்தீனும் மழையும் ஒன்றாக ஜெயோமெத்ராவின் தலையில் இறங்கின. எங்கிருந்தோ ஒரு ஓட்டுத் துண்டும் வந்து வடைத் தட்டில் விழுந்தது. மேலே, சாம்பல் நிற ஆகாயத்திலிருந்து ஒரு புறா எங்களை எட்டிப் பார்த்தது.

அரசாங்க ஆளைக் குளிப்பாட்டியிருக்கிறோம். எங்களை நாடு கடத்தப் போகிறார்கள் என்றே நினைத்தேன். அக்கா மட்டும் தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு, தனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதையும் திரட்டிச் சொன்னார்: "சேதம். நிறைய. இவளுக்குப் பிள்ளை வருது."

ஜெயோமெத்ரா முகத்தைத் துடைத்தார். ஆகாயத்தைப் பார்த்தார், புறாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பு கீழ்மாடிவரை கேட்டிருக்கும். முதலில் எழுதியதைக் கிழித்தார். நனையாத ஒரு தாளைத் தேடி எடுத்து, "சினோரா, உதவி செய்ய வருகிறவனுக்கு இதை முதலிலேயே காட்டக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே புதிதாக எழுதினார்.

நகரசபை எங்களுக்கு ஒரு உலர்ந்த அறை தந்தது. என் மகள் அங்கேதான் வந்து சேர்ந்தாள். வெயில் வந்ததும் வேலையாட்கள் ஏறிக் கூரையைத் திருத்தினார்கள். நாங்கள் திரும்பி வந்த அன்று ஜெயோமெத்ரா குழந்தையைப் பார்க்க வந்தார், கையில் ஒரு பை சியாகுல்லி மந்தரின். அக்கா தும்புத்தடியோடு நின்று, "இனிக் கூட்டலாமோ?" என்று கேட்டார். "இனிக் கூட்டலாம்" என்று அவர் அனுமதி தந்தார். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் தந்தார்.

அதன் பிறகு, "முதலிலேயே காட்டக் கூடாதா" என்ற அந்த வாசகம் அக்காவின் சொந்தச் சொத்தாகிவிட்டது. நம்மவர் யாராவது வேலையிடத்துத் துன்பத்தையோ பத்திரச் சிக்கலையோ மறைத்து, "ஒண்டுமில்லை அக்கா" என்று இழுத்தால், "உதவ வாறவனுக்கு வீட்டைக் காட்டாதை, ஓட்டையைக் காட்டு" என்று அதட்டுவார். உங்களில் அந்த அதட்டலைக் கேட்காதவர் குறைவு. அப்படிக் காட்டியதால் எத்தனை பேருக்கு வழி பிறந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஆனால் எனக்கு அக்கா மேல் ஒரு கோபம் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் கூட்டித் துடைத்த வீடுதான். நெஞ்சு நோவு அவருக்கு நெடுநாளாக இருந்ததாம். வைத்தியர் கேட்டபோதெல்லாம் "பேனே, பேனே" என்று, நல்லாயிருக்கிறேன் என்றே சொல்லியிருக்கிறார். எங்களிடம் அதுவும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் ஓட்டையைக் காட்டச் சொன்னவர், தன்னுடையதற்கு மட்டும் வெள்ளை கட்டிக்கொண்டார். ஓடிப் போய்ப் பிடித்து இழுத்து வருவதற்கு இந்த முறை சந்தி முனையில் யாரும் இல்லை.

அந்த வெள்ளை இப்போது என்னிடம் இருக்கிறது. துவைத்து, நீலம் போட்டு வைத்திருக்கிறேன். முப்பத்தோராம் நாளுக்கு அதைத்தான் முகட்டில் கட்டுவோம். வீட்டையும் கூட்டித் துடைத்திருப்பேன். இல்லாவிட்டால் அக்கா விடமாட்டார். செருப்பை வாசலில் விடுங்கள். வடை இருக்கும். "எப்பிடி இருக்கிறாய்?" என்று நீங்கள் கேட்பீர்கள். "ஒண்டுமில்லை" என்று நான் சொல்லப் போவதில்லை. என் நெஞ்சில் கட்டிய வெள்ளையின் ஒரு மூலையை இழுத்துவிடப் போகிறேன். வரும்போது குடையோடு வாருங்கள்.