காந்தப் படலமும் ஒரு நினைவுப் பரிசும்

எங்கள் துறைத் தலைவருக்குக் காந்தவியல் தெரியாது. அது ஒரு குற்றமில்லை. தெரியாததைப் பற்றி ஓயாமல் பேசுவதுதான் எனக்குப் பொறுக்காது. காஞ்சிபுரத்தில் எங்கள் கல்லூரிக்கு யார் வந்தாலும் என் ஆய்வகத்தைத் திறந்துவிட்டு, "நம்ம ஜரிகை மாதிரிதாங்க இது. வெள்ளி மேல தங்கம் ஏத்தறோம் இல்ல, அதே டெக்னிக்" என்பார். பட்டுச் சேலை வாங்க வந்த இடத்தில் இயற்பியலும் புரிந்துவிட்ட திருப்தியோடு அவர்கள் தலையாட்டுவார்கள்.

நான் செய்துகொண்டிருந்தது வேறு. ஹார்டு டிஸ்க்கின் தட்டில் மிக மெல்லிய காந்தப் படலம் ஒன்று உண்டு. அதிலுள்ள நுண்துகள்களின் காந்தத் திசை மேலா கீழா என்பதில்தான் நம் படங்களும் கணக்குகளும் பதிவாகின்றன. நிறையப் பதிய வேண்டுமானால் துகள்கள் சிறிதாக வேண்டும். ரொம்பச் சிறிதானாலோ அறையின் சூட்டுக்கே திசை மாறி, பதிந்தது அழிந்துவிடும். கோபால்ட்டையும் பிளாட்டினத்தையும் அடுக்கடுக்காகப் படியவைத்து, சிறிய துகள்களையும் திசை மாறாமல் நிறுத்த முடியுமா என்று பார்ப்பதே என் வேலை. காற்றை உறிஞ்சியெடுத்த எஃகுக் கலத்துக்குள் இதைச் செய்ய வேண்டும். ஒருமுறை திறந்தால் ஈரம் ஒட்டிக்கொள்ளும். மறுபடி சுத்தமாக நாட்கள் ஆகும்.

கல்லூரியைத் தரம் பார்க்கும் குழு வந்த நாளன்று, கலத்துக்குள் என் படலம் சூட்டில் இருந்தது. தலைவர் ஒரு பித்தளைத் தகட்டோடு வந்தார். அதில் கோபுர வடிவம் வெட்டியிருந்தது.

"இத வெச்சு கண்ணாடில தங்கம் அடிச்சுக் குடுங்கமா. கமிட்டிக்கு மொமென்டோ."

"உள்ள சாம்பிள் இருக்குது சார். இப்போ தொறந்தா கெட்டுப்போயிடும்."

"சாம்பிள நாளைக்குப் போட்டுக்கலாம். அவங்க வாலாஜாபாத் தாண்டி வந்துக்கினு இருக்காங்க. சாயங்காலம் லேபுக்கு வருவாங்க."

"தங்கம் உள்ளெல்லாம் படிஞ்சிடும் சார். அப்புறம் காந்தப் படலம் சுத்தமா வராது."

"காந்தமாவது ஒண்ணாவது. கிரேடு வந்தாதான் இந்த லேபே இருக்கும்."

சொல்லிக்கொண்டே, கலத்துக்குள் காற்றை விடும் திருகில் கை வைத்தார். பம்பு ஓடும்போது அதைத் திருகினால் பம்பே போய்விடும். அவர் கையை விலக்கி, நானே பம்பை நிறுத்திக் காற்றை உள்ளே விட்டேன். படலம் சூட்டோடு காற்றுப் பட்டுக் கெட்டுப்போனது. தங்கத்துக்கு அவ்வளவு சுத்தம் தேவையில்லை; மாலைக்குள் கோபுரங்களை அடித்துக் கொடுத்தேன்.

மாலையில் குழுத் தலைவரான ஒரு முதியவர் தன் கண்ணாடிக் கோபுரத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல எத்தனை ஜிபி புடிக்கும்?"

"டெராபைட் கணக்குல சார்" என்றார் எங்கள் தலைவர், சற்றும் தயங்காமல்.

"ஒண்ணும் புடிக்காது சார். இது வெறும் தங்கம். இதுல காந்தம் நிக்காது" என்றேன்.

"மேடம் ரொம்ப அடக்கம்" என்று சிரித்தார் எங்கள் தலைவர். பெரியவரும் சிரித்துக்கொண்டே கோபுரத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார். கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது.

கலத்தின் சுவரிலிருந்து தங்கத்தை உப்புத்தாளால் சுரண்டிப் பார்த்தேன். அதன் பின் செய்த படலங்கள் ஒன்றும் சரியாக வரவில்லை. சென்னையில் ஒரு தோழியின் ஆய்வகத்தில், விடுமுறை நாட்களில் போய்ச் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிக்காந்தத்தை எடுத்த பிறகும் படலத்தின் திசை அசையாமல் நின்றது. எதிர்த்திசையில் பலமாக இழுத்தபோதுதான் புரண்டது. நானும் தோழியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றோம்.

கட்டுரை எழுதும் சேதி தலைவருக்கு எட்டியது.

"என் பேரையும் போட்டுடுங்கமா."

"இது சென்னையில செஞ்சது சார்."

"இருந்தாலும் டிபார்ட்மென்ட் நம்முது இல்ல?"

"போட மாட்டேன் சார்."

மறுவாரமே ஆய்வகச் சாவி வேறொருவர் கைக்குப் போனது. ஆண்டு முடிவில் வேலையை விட்டேன். இப்போது தினமும் காலை ரயிலில் சென்னைக்குப் போய் அதே ஆராய்ச்சியைச் செய்கிறேன். தலைவர் கல்லூரி முதல்வராகிவிட்டார்.

போன மாதம் ரயில் நிலையத்தில் எதிரே வந்தார். உடன் வந்தவரிடம், "இவங்கள இந்த ஃபீல்டுக்குக் கொண்டாந்ததே நான்தான்" என்றார். அவர் முகத்தில் கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மனிதர் அதை உண்மையிலேயே நம்பத் தொடங்கிவிட்டார்.